ஞாயிற்றுக்கிழமை மலை இறங்கவில்லை

அந்த மலைப்பயணத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். தூத்துக்குடி ஜெபகனி அம்மாள்; அவள் தம்பி மகள், கல்லூரியில் தாவரவியல் நடத்தும் ஞானதீபம்; ஞானதீபத்தோடு வேலை பார்க்கும் பிளாரன்ஸ்; சாத்தான்குளத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தனராஜ்; பாபநாசத்தில் சேர்த்துக்கொண்ட வழிகாட்டி இசக்கியப்பன். வேறு யாரும் இல்லை. தாங்களும் கூட இருந்து கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறவர்கள், அந்த வாரம் தாங்கள் எங்கே இருந்தோம் என்று அவரவர் வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

1974 ஜனவரி. செடி சேகரிக்கத் தோழியோடு மலைக்குப் போகவேண்டும் என்றாள் ஞானதீபம். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் பெண்ணைத் தனியாக அனுப்பக்கூடாது என்று ஜெபகனி அம்மாள் தானே கிளம்பிவிட்டாள். அறுபது வயதில், சேலையை ஏற்றிச் செருகி, கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு. அது தெரிந்ததும் மாப்பிள்ளையின் சித்தப்பாவான தனராஜுக்கும் மலைமேல் திடீர் ஆசை வந்தது. பெண்ணைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கத்தான் வருகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். பார்க்கட்டும், மறைக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்று ஜெபகனி அம்மாள் விட்டுவிட்டாள்.

பள்ளத்தாக்குகளைக் கடந்து, வழியில் வந்த ஊர்களில் தங்கித் தங்கி நடந்தார்கள். ஏற்றங்களில் பெண்கள் முன்னால் போக, தனராஜ் அடிக்கடி நின்று காட்சி பார்த்தார். இளைப்புக்கு அவர் வைத்திருந்த பெயர் அது. சனிக்கிழமை இறங்கி பஸ் பிடித்திருக்கவேண்டும். மழையில் ஆறு பெருகி, கரையில் காத்திருந்தே பகல் போய்விட்டது. மலைவாசிகளான காணிக்காரர் ஊர் ஒன்றில், தலைவர் வீட்டில் தங்கினார்கள்.

மறுநாள் காலை ஆறு வடிந்திருந்தது. தனராஜ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். ஜெபகனி அம்மாளோ வேதப்புத்தகத்தை விரித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டில் ஞாயிறன்று கடைக்குப் போவதில்லை, உலை வைப்பதில்லை, ஆராதனைக்கு நடப்பதைத் தவிரப் பயணமும் இல்லை. பதநீர் கொட்டும் பருவத்திலும் ஞாயிறன்று பனைமரத்தில் கால் வைக்காதவர் அவளுடைய தாத்தா.

தனராஜும் அதே சபைதான். ஆனாலும் இன்னொரு நாள் பிந்தினால் ஊர் என்ன பேசும், பெண் காட்டில் யாரோடு தங்கினாள் என்பார்களே என்று விளக்கிப் பார்த்தார். அவள் பக்கத்தைப் புரட்டினாள். கடைசியில் வெளிப்படையாகவே சொன்னார்.

“அக்கா, இன்னைக்கு இறங்கலைன்னா இந்தச் சம்பந்தம் நடக்காது. அண்ணன் நான் சொல்லுததைத்தான் கேப்பாரு.”

ஜெபகனி அம்மாள் வேதப்புத்தகத்தை மூடினாள். பையன் நல்லவன். ஞானதீபத்துக்கும் இருபத்தேழு வயதாகிறது. தன் வைராக்கியத்துக்கு இவள் வாழ்க்கையைக் கொடுக்கலாமா?

“ஏளா, வாழப்போறது நீ. நீயே சொல்லு” என்றாள்.

ஞானதீபம் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள். ஈரச் சாக்ஸை உதறி வேலியில் காயப்போட்டாள்.

“நீங்க போங்க மாமா. ஊர் பேசும்னு இப்பமே நடுங்குத வீட்டுக்கு நான் வந்து என்ன செய்ய?”

பிளாரன்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனாள்.

அம்மா வரும்போதுதான் நானும் வருவேன் என்று இசக்கியப்பன் சொல்லிவிட்டதால் தனராஜ் தனியாகவே கிளம்பினார். எந்த ஓடையும் கிழக்கே கடலுக்குத்தானே போகவேண்டும் என்று, ஊருக்குக் கீழே தெரிந்த சிற்றோடையைப் பிடித்து நடந்தார். அது மேற்கே கேரளத்துக்குப் போகிற ஓடை என்று இசக்கியப்பன் பின்னால் நின்று கத்தியதைக் காதில் வாங்கவில்லை. தேன் எடுக்கப் போனவர்கள் சாயங்காலம் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். கால் முழுக்க அட்டை. ஜெபகனி அம்மாள் பையிலிருந்த உப்பைத் தடவி ஒவ்வொன்றாக விழவைத்தாள். நோயாளிக்குச் செய்வதை ஓய்வுநாள் தடுக்காது. எங்கே போனீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

திங்கள் காலை ஜெபம் பண்ணிவிட்டு ஐவரும் இறங்கினார்கள். பஸ் அம்பாசமுத்திரத்தைத் தாண்டியதும், நடந்ததை மறந்துவிடலாம், சம்பந்தம் பேசியபடியே இருக்கட்டும் என்று தனராஜ் மெல்ல ஆரம்பித்தார். ஜெபகனி அம்மாள் ஞானதீபத்தைப் பார்த்தாள். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

“வேண்டாம் தம்பி” என்றாள் ஜெபகனி அம்மாள்.

பெண் காட்டில் வழிதவறி ஒரு நாள் காணாமல்போனாள், அதனால் மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று சாத்தான்குளத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. வழிதவறியவர் தனராஜ். வேண்டாம் என்றது பெண் வீடு.