ஒரு நாள் தள்ளிப் பிறந்தவன்

1
இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. தைவானில், எங்கள் சியாயி நகரில், பீ-யுன்னின் கடையில் வான்கோழிச் சோற்றுக்குக் காத்திருந்தபோது காதில் விழுந்தது. முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உக்ரைனில் நடக்கும் போர், தைவான் தீவின் பாதுகாப்புச் சிந்தனையை—' அடித்துவிட்டேன். பீ-யுன் கேட்டால் சிரிப்பாள்.

2
2004 டிசம்பர் முப்பத்தொன்று. வயிற்றைக் கீறித்தான் குழந்தையை எடுக்க வேண்டும், இன்றைக்கே எடுத்துவிடலாம் என்றார் மருத்துவர். மறுநாள் காலை ஏழு மணிக்கு மேல் பிறந்தால் பிள்ளை பெரிய ஆளாவான் என்றார் ஜோசியர் லோ. லேசாக வலி கண்டிருந்தது. பீ-யுன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். புத்தாண்டு காலை ஏழு பத்துக்கு யென்-திங் பிறந்தான்.

3
பதினெட்டாவது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு, கடைத் தொலைக்காட்சியில் அறிவிப்பு வந்தது. உக்ரைனைப் பார்த்து, பக்கத்து வல்லரசு நம்மீதும் பாயலாம் என்று அரசாங்கம் விழித்துக்கொண்டுவிட்டது. நாலு மாதக் கட்டாய ராணுவ சேவை இனி ஒரு வருடம். 2005 ஜனவரி ஒன்று முதல் பிறந்தவர்களுக்கு.

பீ-யுன்னின் கரண்டி அப்படியே நின்றது.

"ஒரு நாள் முன்னாடி பெத்திருந்தா நாலு மாசத்தோட போயிருக்கும்," என்றான் கணவன் குவோ-துங். "நல்ல நேரம் பாத்தியே, மகராசி!"

"நீங்களுந்தான தலைய ஆட்டினீங்க?"

இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியைக்கூட அவிழ்க்காமல் லோ வீட்டுக்குப் போய் நின்றாள்.

"பெரிய ஆளாவான்னு சொன்னீங்களே!"

"ராணுவத்துலயும் பெரிய ஆளுங்க இருக்காங்கம்மா," என்றார் லோ, தேநீரை ஊதியபடி. "நான் கிரகத்தப் பாத்தேன். உக்ரைன எங்க பாத்தேன்?"

(லோவை மோசடிக்காரராக்க ஆசைப்பட்டேன். முடியவில்லை. தன் சொந்தப் பேரனுக்கு அவர் குறித்துக் கொடுத்திருந்தது அதே மாதம் மூன்றாம் தேதி; அவனுக்கும் ஒரு வருடம்தான்.)

4
யென்-திங்கை எனக்குப் பிடிபடவில்லை. பயந்தவனாக ஒரு தடவை எழுதினேன், வீரனாக ஒரு தடவை, இரண்டுமே பொய். படிப்பைக் காட்டிச் சேவையைத் தள்ளிப்போட்டிருக்கலாம். அவன் முதல் அணியிலேயே பெயர் கொடுத்துவிட்டு வந்தான்.

"நாலு மாசம்னா புல்லு புடுங்க வெச்சு அனுப்பிருவாங்கம்மா. ஒரு வருஷம்னா சுடவாவது கத்துக்கலாம்."

"யாரடா சுடப் போற?"

அடுக்கி வைத்திருந்த கிண்ணங்களை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்த கிண்ணத்தையே மறுபடி துடைத்தான். அப்போதுதான் பீ-யுன்னுக்குப் புரிந்தது, பிள்ளையும் அதே கேள்வியைத்தான் வைத்துக்கொண்டு அலைகிறான் என்று. அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அவன் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டு, "போய் சாப்பிடு" என்றாள்.

5
முடிவு மூன்று எழுதினேன். ஒன்றில் போர் வருகிறது. ஒன்றில் வரவில்லை. மூன்றாவது, 'யென்-திங் சேவை முடித்து ரயிலிலிருந்து இறங்கியதும்—' என்று பாதியில் நிற்கிறது. நான் இதை எழுதும்போது அவன் முகாமில் இருக்கிறான். இன்னும் ஐந்து மாதம் பாக்கி. போர் வருமா என்பதைத் தீர்மானிக்கப்போகிறவர்கள் சியாயியில் சாப்பிட வருவதில்லை.

நீங்கள் இதை வாசிக்கும் நாளில் என்னைவிட அதிகம் தெரிந்தவராக இருப்பீர்கள். அடுத்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: அதில் அந்தப் பையன் ஏதாவது பேச வேண்டும்.