இருளாயியின் மாட்டுக்கொட்டகை

பிப்ரவரி பிறந்ததும் ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றன. பால் வற்றிப்போனதால் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மற்ற ஆண்களெல்லாம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் சீட்டு விளையாடிப் பொழுதைக் கழிக்க, பத்துமலை மட்டும் விடிந்ததும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு இருளாயியின் மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவார். இலை உதிர்ந்த காட்டுக்குள் வெயில் இறங்கிப் புல் கொழுத்துக் கிடந்தது. அதை அறுத்துக் கட்டிப் போடுவார், சாணி அள்ளுவார், கன்றுக்குட்டிக்கு உண்ணி பிடுங்குவார்.

இருளாயி விதவை. இரண்டு கறவை மாடுகளை வைத்து லயத்துக்குப் பால் ஊற்றிப் பிழைத்துவந்தாள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் பத்துமலையின் மனைவி நவமணிக்கு வயிறு எரிந்தது.

ஏற்கெனவே அவள் வயிற்றில் நெருப்பு இருந்தது. ஒரே மகன் ஜெயபாலன் எண்ணெய்க் கப்பலில் சமையல்காரனுக்கு உதவியாளாகப் போயிருந்தான். அது எண்பத்தேழாம் வருடம். ஈரானும் ஈராக்கும் தங்கள் சண்டையைக் கடலுக்குள்ளும் கொண்டுவந்து, போகிற வருகிற கப்பல்களை அடித்துக்கொண்டிருந்தன. அவன் கப்பலும் அந்தப் பக்கம்தான் போய்வந்தது. நவமணி ரேடியோவை விட்டு நகரமாட்டாள். பத்துமலையோ, செய்தி தொடங்கியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

"கொஞ்சம் ஒக்காந்து கேளுங்களேன். ஒங்க மகன்தானே?"

"நீ கேட்டு வையி."

கேட்டுவைத்ததைச் சொன்னாலும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்று தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டு முத்தம்மா வாயைத் திறந்தாள். "நவமணி, ஒன் வீட்டுக்காரரு சிரிக்கிற சத்தம் இங்க வரைக்கும் கேக்குதுலா. மாடு என்ன ஜோக்கு சொல்லுதோ!"

மகன் கப்பலேறியதிலிருந்து அந்த மனிதர் சிரித்து நவமணி பார்த்ததில்லை. வாளியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள். ரேடியோவை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். செய்தியை அங்கேயே கொண்டுபோய் அலறவிடுவோம், அப்புறம் எப்படிச் சிரிக்கிறார் பார்ப்போம்!

கொட்டகையை நெருங்கியதும் முதலில் மறைந்து நின்று பார்க்கத்தான் நினைத்தாள். ஆனால் மொட்டை மரங்களுக்கு நடுவே ஒளிய ஏது இடம்? காலடியில் சருகு வேறு நொறுங்கியது. கன்றை மடியில் கிடத்திக்கொண்டு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்த பத்துமலை, அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார். அப்படி நிறுத்தியதுதான் அவளைச் சுட்டது.

மாட்டு மடியிலிருந்து கையை எடுக்காமலே இருளாயி வரவேற்றாள். "வாக்கா. ஒங்க மகன் கதைதான் ஓடுது. மாட்டு வாலைப் புடிச்சிக்கிட்டே ஸ்கூலுக்குப் போவானாமே!"

வேறு எதையாவது கண்டிருந்தால் திட்டுவதற்கு நவமணியிடம் வார்த்தை தயாராக இருந்தது. இதற்கு இல்லை.

"இவகிட்ட சொல்ல வாய் இருக்கு. எங்கிட்ட மட்டும் இல்ல. அப்படித்தானே?"

பத்துமலை கன்றின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். "வீட்ல எந்நேரமும் அந்தப் பொட்டிதான் பேசுது. அது பேசுறப்ப அவன் கடல்ல கெடக்கான். இங்க வந்தா சின்னப் பையனா ஓடிக்கிட்டு இருக்கான்."

"வேற என்னென்ன சொன்னாரு?" நவமணி இருளாயியைக் கேட்டாள்.

"ஆத்துல சிலிப்பர் செருப்ப விட்டது, சாமி பொங்கலைத் திருடித் தின்னது..."

ஒவ்வொன்றும், தன் பெட்டியிலிருந்த சேலையை அடுத்தவள் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்ப்பதுபோல் இருந்தது. நவமணியால் பொறுக்க முடியவில்லை.

"மாட்டு வாலாம், மாட்டு வாலு! அது தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணி வீட்டு ஆட்டுக் கெடா. வாலப் புடிக்கல, கொம்பப் புடிச்சான். வெலக்கிவிடப் போன இவர முட்டி சாக்கடையில தள்ளுச்சு. அதச் சொன்னாரா?"

"அடி ஆத்தே! அண்ணே, அத மறைச்சிட்டீங்களே!" இருளாயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

தனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை என்பதில் நவமணிக்கு நெஞ்சு குளிர்ந்தது. கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். செய்தி நேரம் ஆகிவிட்டது, கை தானாக ரேடியோவைத் திருகியது. ஆனால் அலறவிடவில்லை, சன்னமாகத்தான் வைத்தாள். வளைகுடாவில் இன்னொரு கப்பல் அடிபட்டிருந்தது. கன்று மடியில் இருந்ததால் பத்துமலையால் எழுந்து போக முடியவில்லை. கப்பலின் பெயர் வரும்வரை இருளாயியும் கறப்பதை நிறுத்திக் காது கொடுத்தாள்.

வேறு பெயர்.

நவமணி ரேடியோவை அணைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்புறம் சாக்கடையிலேர்ந்து எப்படிக்கா ஏறுனாரு?" என்றாள் இருளாயி மெதுவாக.

"அது வந்து..." என்று தொடங்கினார் பத்துமலை.

"நீங்க சும்மா இருங்க! ஒழுங்கா சொல்லத் தெரியாது ஒங்களுக்கு. இனிமே எம்மகன் கதைய நான்தான் சொல்லுவேன்" என்றபடி, உட்கார்ந்திருந்த வாளியை இருளாயியின் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள் நவமணி.