சிவப்பு விமானத்துக்கு ஒரு கைப்பிடி

ஹால்வர் ஸ்டென்செத்தின் இடது பாதம், முதுகில் நடந்த ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. கணுக்காலுக்குக் கீழே அது வெறும் பாரம். நடப்பதைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலை இல்லை. அலாஸ்காவின் அந்த ஆற்றங்கரை ஊரில் நடந்துபோக அதிக இடம் கிடையாது. சில வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு கடை, ஒரு சரளைக்கல் ஓடுதளம். ஊரை விட்டுப் போகச் சாலை இல்லை, பறந்துதான் போக வேண்டும். பறப்பதற்குத்தான் இரண்டு பாதமும் தேவைப்பட்டது.

அவருடைய விமானம் சிவப்பு நிறம். எஃகுக் குழாய்களால் கூடு கட்டி அதன்மேல் துணி போர்த்திய பழைய விமானம், முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காரலாம். வானத்தில் பசுவைப் போல இருக்கும். தரையைத் தொட்டதும் முரண்டு பிடிக்கும். வால் ஒரு பக்கம் திரும்பப் பார்த்தால் அந்தக் கணமே காலால் மிதியை அழுத்தி நேராக்கியாக வேண்டும். மே மாதம் ஒரு நாள் அப்படி அழுத்த முடியாமல் விமானம் ஓடுதளத்தை விட்டு விலகிப் புதருக்குள் போய் நின்றது. ஒரு கீறலும் இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு அவர் கண்களை மூடிக் கர்த்தருக்கு நன்றி சொன்னார். பிறகு மெக்கானிக் மார்லிஸைப் போய்ப் பார்த்தார்.

அந்தக் கோடை முழுவதும் சனிக்கிழமைதோறும் மார்லிஸ் அவருடைய பின் இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். பின்னாலும் மிதிகள் உண்டு. தரையிறங்கும்போது அவருடைய காலுக்குப் பதில் அவளுடைய கால் வேலை செய்யும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. அவள் பின்னால் ஏறும்போது, "சும்மா காத்து வாங்க வர்றேன்" என்பாள்.

சனிக்கிழமை என்பது நெல்டாவின் நாள். ஹால்வரின் மனைவி நெல்டா, மலைக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய ஊரில், ஓடுதளத்தை ஒட்டிய முதியோர் இல்லத்தில் இருந்தாள். நினைவு அவளை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகளின் பெயர் போயிற்று, வீடு போயிற்று. ஆனால் சிவப்பு விமானத்தின் எஞ்சின் சத்தம் கேட்டால் போதும், தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்துவிடுவாள். அதிலிருந்து இறங்கி நொண்டி வருகிறவர் தன் கணவர் என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த விமானம் இல்லாமல் போனால் தெரியாது. போன குளிர்காலத்தில் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தபோது ஹால்வர் தபால் விமானத்தில் போனார். "வாங்க, அந்த மூலையில் ஹீட்டர் ஒழுகுது, பாருங்க" என்றாள் நெல்டா. அவர் அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

மார்லிஸின் சனிக்கிழமைகளை அவளிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் ஹால்வரின் எண்ணமாக இருந்தது. அவளுக்கும் வீடு உண்டு, கணவன் உண்டு, குளிர்காலத்துக்கு வெட்டி அடுக்க விறகு உண்டு. மிதியைக் கையால் இயக்குகிற ஒரு கைப்பிடியைப் பொருத்திவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை. விமானத்தில் நினைத்தபடி ஒன்றை மாட்டிவிட முடியாது. வரைபடம் போட்டு, எடை கணக்குக் காட்டி, அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். டாக்டரும் சம்மதிக்க வேண்டும். மார்லிஸ் தன் சமையல் மேஜையில் உட்கார்ந்து படம் வரைந்தாள். அனுப்பியது திரும்பி வந்தது, திருத்தி மறுபடி அனுப்பினாள். இலையுதிர்காலம் தொடங்கிப் பிர்ச் மரங்கள் மஞ்சளாகும்போது அனுமதி கிடைத்துவிட்டது.

"இனி நீங்களாச்சு, உங்க கைப்பிடியாச்சு" என்றாள் மார்லிஸ். "வெள்ளிக்கிழமைக்குள்ள வண்டியோட தரைப் பலகையைப் பிரிச்சு வைங்க. முன் இருக்கைக்குக் கீழே துணியை வெட்டிக் குழாயைச் சுத்தம் பண்ணுங்க. அங்கதான் கைப்பிடியோட அடித்தண்டை வெல்டிங் பண்ணி ஒட்டணும். ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். நான் பாக்கிறதுக்கு முன்னாடி எதுக்கும் பெயிண்ட் அடிச்சிடாதீங்க."

"முப்பது வருஷமா இதைத்தானே சொல்றே."

"முப்பது வருஷமா நீங்க கேட்டதில்லையே."

பிரித்து வைப்பதும் துடைப்பதும் சொந்தக்காரரின் வேலை. பார்ப்பதும் பொறுப்பேற்பதும் மெக்கானிக்கின் வேலை. அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

வியாழக்கிழமை பகலில் ஹால்வர் விமானக் கொட்டகையில் தனியாக இருந்தார். இருக்கையைக் கழற்றினார், தரைப் பலகையைத் தூக்கினார், துணியை வெட்டினார். உள்ளே மீன் வாசனை அடித்தது. இளமையில் அவரும் நெல்டாவும் கடற்கரையிலிருந்து சால்மன் மீன்களை இந்த விமானத்தில்தான் ஏற்றி வந்தார்கள். மீனிலிருந்து வடிந்த உப்புநீர் தரைக்கு அடியில் இறங்கியது. அந்த மீன்தான் அவர்களுடைய பிள்ளைகளை வளர்த்தது. கம்பித் தூரிகையால் குழாயைத் தேய்த்தார். பழைய பூச்சு செதில் செதிலாக வந்தது. கூடவே குழாயும் துருவாக உதிர்ந்து வந்தது. ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினார். முனை உள்ளே போய்விட்டது.

விமானத்தின் முதுகெலும்பு அந்தக் குழாய். கடினமாகத் தரையிறங்கினால் சக்கரத்தின் பாரம் முழுவதும் அதன்மேல்தான் விழும்.

நாளை மறுநாள் சனிக்கிழமை என்று நினைத்தார். பிறகு அலமாரியிலிருந்து பச்சைப் பூச்சை எடுத்தார். ஓட்டையை மெழுகால் நிரப்பி மேலே பூசினார்.   இரவு சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்லக் கை குவித்தார், சொல்லாமலே பிரித்தார். சாப்பிடாமல் தட்டை மூடிவைத்தார்.

காலையில் மார்லிஸ் கைப்பிடியோடும் ஒரு ஃபிளாஸ்க் காபியோடும் வந்தாள். குனிந்து பார்த்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

"பெயிண்ட் அடிச்சிருக்கீங்க."

"துரு பிடிக்கக் கூடாதேன்னு."

"நீங்க சொன்ன பேச்சைக் கேட்டுட்டாலும்!" அவள் குத்தூசியை எடுத்து அவரிடம் நீட்டினாள். "எனக்கு முதுகு பிடிச்சிருக்கு. நீங்களே குத்திப் பாருங்க. நான் பாக்கறேன்."

அவர் குத்தினார். ஓட்டைக்கு ஒரு விரல் தள்ளி, மெதுவாக. ஊசி நின்றது.

மார்லிஸ் தலையசைத்து ஊசியை வாங்கிக்கொண்டாள். அவரை அவள் சந்தேகப்படவே இல்லை. காபியை ஊற்றிக்கொண்டே பேசினாள். "சாயங்காலத்துக்குள்ள மாட்டிடலாம். நாளைக்குக் காலையில முதல் ஓட்டம் நான் தனியாப் போறேன். புதுசா ஒண்ணு மாட்டினா முதல் தடவை ஆள் ஏத்தக் கூடாது, சட்டம். உங்களுக்கும் கைப்பிடி பழகலை. நாலஞ்சு தடவை வேணும்னே அடிச்சு இறக்கிப் பாக்கறேன். நான் மாட்டினதை நான்தானே முதல்ல நம்பணும்? அப்புறம் நீங்க நெல்டாகிட்டப் போங்க. நான் வீட்டுல தூங்குவேன்."

"அடிச்சா இறக்குவே?"

"நல்லா அடிச்சு. உங்களை மாதிரி."

அவள் சிரித்தாள். ஹால்வர் கையில் இருந்த காபியைக் கீழே வைத்தார். தான் தனியாகப் போய் விழுவதை அவர் நேற்று இரவெல்லாம் நினைத்துப் பார்த்திருந்தார். அது அவருக்குச் சம்மதமாகவே இருந்தது. வேறொருவர் அதில் உட்காருவார் என்பதை மட்டும் நினைக்கவில்லை.

"மார்லிஸ், அந்த ஊசியைக் கொடு."

வாங்கி, மெழுகு வைத்த இடத்திலேயே குத்தினார். ஊசி பிடிவரை உள்ளே போயிற்று.

 மார்லிஸ் மண்டியிட்டு விரலால் அந்த இடத்தைத் தடவினாள். ஊசியை உருவி இன்னும் இரண்டு இடத்தில் குத்தினாள். இரண்டிலும் உள்ளே போயிற்று. பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எப்போ பாத்தீங்க?"

"நேத்து."

"கோடை முழுக்க நாம ரெண்டு பேரும் இதுலதான் போனோம்."

"ஆமா."

"கர்த்தர்தான் தாங்கிப் பிடிச்சிருக்கார்."

அவர் தலை குனிந்திருந்தார். "உன்கிட்ட மறைச்சிட்டேன்."

"மறைச்சீங்க. சொல்லியும் விட்டீங்களே." அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவருடைய கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார்.

"சரி பண்ண முடியுமா?"

"முடியும். துணி மொத்தமும் உரிக்கணும். கீழ்க்குழாய் எல்லாத்தையும் வெட்டிப் புதுசு வைக்கணும். இந்தக் கொட்டகையில குளிர்ல வேலை ஓடாது. அடுத்த கோடை ஆயிடும்."

அடுத்த கோடை. போன வாரம்தான் இல்லத்தில் வேலை செய்கிற அகாஃபியா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, நெல்டா இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சொல்லியிருந்தாள். இந்தக் கைப்பிடியைக் கேட்காமல் இருந்திருந்தால் தரையை யாரும் பிரித்திருக்க மாட்டார்கள். அடுத்த கோடை வரைக்கும்கூட அது பறந்திருக்கலாம். நடுவில் விழுந்தும் போயிருக்கலாம். அவர் செய்ய நினைத்தது ஒரு சின்ன நன்மை. அது துருவை இப்படித் திறந்து காட்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

"ஒரே ஒரு சனிக்கிழமை" என்றார். "காத்து இல்லாத நாளாப் பாத்து. நான் மட்டும். நீ பாக்கலைன்னு நினைச்சுக்கோ."

"பாத்துட்டேனே, ஹால்வர்."

"கையெழுத்துப் போட வேண்டாம்."

"கையெழுத்துக்காகவா சொல்றேன்? நீங்க விழுந்தா அவகிட்டப் போய் யார் சொல்றது? சொன்னாலும் அவளுக்குப் புரியாது. ஜன்னல்ல நின்னுட்டே இருப்பா."

கழற்றி வைத்திருந்த இருக்கையை அவர் சுவரோரம் ஒதுக்கி வைத்தார். வெளியே ஆற்றில் யாரோ படகை இழுத்துக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள்.

மார்லிஸ், "என் வண்டிக்குச் சிவப்பு அடிக்கட்டுமா?" என்று கேட்டாள். அவளுடைய விமானம் வெள்ளை, போன வருடம்தான் ஆசையாகப் பூசியது. "நிஜமாத்தான் கேக்கறேன். பெயிண்ட் எடை கூடும், அதைக் கணக்குல எழுதிட்டாப் போச்சு."

ஹால்வருக்கு அப்போதுதான் கண் கலங்கியது. "அவ கண்ணாலயா பாக்கறா? காதாலதானே பாக்கறா. உன் எஞ்சின் வேற."

மறுநாள் அவள் தன் வெள்ளை விமானத்தில் அவரை ஏற்றிப் போனாள். மலையின் மேல் புதுப் பனி விழுந்திருந்தது. இறங்கியதும் ஹால்வர் ஜன்னலைப் பார்த்தார். அதில் யாரும் இல்லை. மார்லிஸ் எஞ்சினுக்குப் போர்வை போர்த்திவிட்டு விமானத்தருகேயே நின்றுகொண்டாள்.

அகாஃபியா கதவைத் திறந்தாள். வெள்ளை விமானத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவருடைய கோட்டை வாங்கி மாட்டினாள்.

நெல்டா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே இன்னொரு நாற்காலி, அதன் மேல் மடித்த கம்பளி.

"நான்தான், நெல்டா. ஹால்வர்."

அவள் அவரை மரியாதையாகப் பார்த்துச் சிரித்தாள். "ஹால்வர் இன்னும் வரலை. சனிக்கிழமைதானே இன்னைக்கு? வந்திடுவார். நீங்க அவருக்குத் தெரிஞ்சவரா?"

அவர் வாய் திறந்தார். துருவைப் பற்றி, மீனைப் பற்றி, எதைச் சொல்வது? "தெரியும்" என்றார். "ரொம்ப நாளாத் தெரியும்."

"காத்து அடிக்குதா வெளிய?"

"இல்ல. நல்லா இருக்கு."

"அப்போ ஏன் லேட்டு?" அவள் முகம் வாடியது. சற்று நேரம் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, எதிரே நிற்பவர் நின்றுகொண்டே இருக்கிறார் என்பது அவளுக்கு உறைத்தது. எழுந்துபோய்க் கம்பளியை எடுத்துவிட்டு நாற்காலியைத் தட்டினாள். "இது அவர் உட்காருற இடம். பரவாயில்ல, உட்காருங்க. ஒண்ணும் சொல்ல மாட்டார், நல்ல மனுஷன்."

ஹால்வர் உட்கார்ந்தார். அவள் அந்தக் கம்பளியை அவருடைய முழங்காலில் விரித்துவிட்டாள், முன்பின் தெரியாத யாருக்கும் விரித்துவிடுகிற மாதிரி.

"அவசரம் இல்லைன்னா அவர் வர்ற வரைக்கும் இருங்க" என்றாள். "தனியாக் காத்திருந்தா நேரமே போக மாட்டேங்குது."

"இருக்கேன்" என்றார் ஹால்வர்.

வெளிச்சம் குறையும்வரை இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.