மருந்துக்கோழி

என் மனுசன் வீரபாகு முரசுமோட்டையில் முந்நூறு புறொயிலர் கோழி வளர்க்கிறார். ஒன்றுக்கும் நோய் வருத்தம் கிடையாது. வருத்தம் வருவதற்கு முன்பே குடிதண்ணீரில் அன்ரிபயோட்டிக் கலந்துவிடுவார். ஒரு கோழி தும்மினால் போதும், முந்நூறுக்கும் புது மருந்து. எனக்குத் தலையிடி என்றால் மட்டும், "கொஞ்சம் படு, மாறும்." விசர் மனுசன்.

மாசி மாதம் பக்கத்து வீட்டு மூக்கன் காய்ச்சலோடு எங்கள் கோழிக்கறி தின்றான். மறுநாள் காய்ச்சல் விட்டுவிட்டது. தானாக விட்டிருக்கும்; யார் கேட்கிறார்கள்? அவன் ஊரெல்லாம் கதை பரப்ப, சனம் எங்கள் வாசலில் வரிசை கட்டியது. இவர் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, சீட்டு எழுதிக் கொடுத்தார். தொண்டை நோவுக்கு நெஞ்சு இறைச்சி. கொப்புளத்துக்குக் கால். சின்னப் பிள்ளைகளுக்கு ஈரல், அதுவும் அரைவாசி.

"சாப்பாட்டுக்கு முன்னமோ, பின்னமோ?" என்று செல்வநாயகம் வாத்தியார் கேட்டார். படித்த மனுசன்.

"சோத்தோடை," என்றார் இவர்.

சித்திரையில் கோழிக்கூட்டைக் கூட்டும்போது தகரம் என் காலைக் கிழித்தது. "பயப்படாதை," என்று மூன்று வேளையும் கோழிக்குழம்பு தந்தார். கால் பூசணிக்காய் போல வீங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் போட்ட ஊசி ஒன்றுக்கும் புண் மசியவில்லை. சீழை எடுத்துச் சோதித்தார்கள்.

டொக்டர் தயாளினி முடிவுத்தாளோடு வந்தார். "அம்மா, இந்தக் கிருமிக்கு எங்கடை மருந்தெல்லாம் பழகிப்போச்சு. ஒண்டுக்கும் சாகாது," என்று மருந்துகளின் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். முதல் பெயரைத்தான் அவர் வாசித்தார். மிச்சத்தை என் மனுசன் வரிசையாகச் சொல்லி முடித்தார்.

"எல்லாம் எங்கடை கோழியள் குடிக்கிறதுதான், டொக்டர்." அதில் பெருமை வேறு.

டொக்டர் தாளை மடித்தார். "அப்ப கிருமி அங்கைதான் பழகியிருக்கு, ஐயா. கூட்டிலையிருந்துதான் புண்ணுக்கை போயிருக்கும். இனி ஒரே ஒரு மருந்துதான் மிச்சம். அதுக்கும் கேக்காட்டி காலை எடுக்கவேணும்."

என் மனுசனுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோருக்கும் முன்னால் என் கையைப் பிடித்தார். கலியாணம் கட்டி இருபது வருடத்தில் முதல் தடவை. என்னில் இவ்வளவு பட்சமா என்று எனக்கும் அழுகை வந்தது.

"அந்த மருந்தின்ரை பேரை எழுதித் தாங்கோ, டொக்டர்," என்றார் தழுதழுத்தபடி. டொக்டர் எழுதிக் கொடுத்ததை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"குஞ்சுகளுக்கு எத்தினையாம் நாளிலையிருந்து குடுக்கலாம்?"

கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தேன். கால் விடவில்லை.