நெடுந்தீவின் முதல் வாய்

வைத்திலிங்கத்தின் வாயைத் திறக்க வைத்தவன் நான்தான். இந்தத் தீவில் அதை ஒருவரும் மறுக்க முடியாது.

அன்று மாவிலித்துறைத் தேத்தண்ணிக் கடைக்குப் போகும் வழியில் அவருடைய மனைவி நாகபூசணி மறித்தாள். "அண்ணை, இவருக்குக் கன்னத்துக்குள்ளை வெள்ளையா ஒரு புண். சோறு பட்டாலே எரியுதாம். டொக்டரிட்டைப் போவமெண்டால் கத்துறார். நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோவன்."

சொன்னால் கேட்கிற ஆளில்லை. கடை வாசல் வாங்கிலில் உட்காருகிறவர்கள் நாங்கள் நான்கு கிழவர்கள்: வைத்திலிங்கம், நாகமுத்து, பரராசசிங்கம், நான். எல்லாருக்கும் ஒரே வெற்றிலைத் தட்டம், ஒரே புகையிலை. பல் டொக்டரிடம் போகிறவனை நக்கலடித்தே கொன்றுவிடுவோம். அதிலும் என் பற்கள் பேர்போனவை. நடுக்கடலில் இயந்திரம் நின்ற படகைப் பல்லால் கவ்வி, நீந்தியே கரைக்கு இழுத்து வந்தவன் நான். அதில் இருந்தவர்கள் எல்லாரும் இப்போது கனடாவில் இருப்பதால் சாட்சி சொல்ல ஆளில்லை.

வாங்கிலில் இருந்து பொதுவாகச் சொன்னேன்: "நேற்று ஆசுப்பத்திரிக்குப் போனனான். பல் டொக்டர் பிள்ளை என்ரை வாயைப் பாத்துப்போட்டு, நெடுந்தீவிலை முதலிடம் இதுக்குத்தான், இதுதான் முதல் வாய் எண்டவா."

அந்த வாசலை நான் மிதித்ததே இல்லை. வைத்திலிங்கத்தின் முகம் கறுத்தது.

"உம்மடை வாயோ? என்ரையைப் பாக்காமல் எப்பிடிச் சொல்லுவா?"

"பயந்தவன்ரை வாயை எப்பிடிப் பாக்கிறது, காணும்?"

சைக்கிளை எடுத்தார். தீர்ப்புக் கேட்க நாங்களும் பின்னால் போனோம்.

ஆசுப்பத்திரியில் அந்த டொக்டர் பிள்ளை அவர் வாய்க்குள் வெளிச்சம் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "ஐயா, இதை விடேலாது. யாழ்ப்பாணத்திலை இந்தப் புண்ணிலை சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்கவேணும். இண்டையோடை புகையிலையை விடுங்கோ."

"அது கிடக்கட்டும் பிள்ளை. முதல் வாய் ஆரின்ரை?"

அவள் விளங்காமல் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். கெட்டிக்காரப் பிள்ளை.

"உங்கடைதான் ஐயா. அதைக் காப்பாத்தத்தான் சொல்லுறன்."

திரும்பும் வழியில் அவர் புகையிலையைக் கடலில் எறிந்தார். அவருக்கு நாங்கள் குறைந்தவர்களா? எங்களுடையதும் போயிற்று. அன்று கரையோர மீன்களெல்லாம் தலைசுற்றி மிதந்தன. கறிக்கு இரண்டு எடுத்துக்கொண்டேன்.

துண்டு எடுத்தாயிற்று. இன்று காலைப் படகில், சோதனை முடிவு கேட்க நாகபூசணியோடு வைத்திலிங்கம் யாழ்ப்பாணம் புறப்பட்டார். படகு விலகும்போது கத்தினார்:

"நான் வருமட்டும் உம்மடைதான் முதல் வாய்! பத்திரமா வைச்சிரும்!"

படகு சிறுத்துக்கொண்டே போனது. திரும்பிப் பார்த்தேன். நாகமுத்து, பரராசசிங்கத்தின் வாய்க்குள் போன் வெளிச்சத்தை விட்டு, கன்னத்தை விரலால் விலக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னும் திறவும், காணும்."

அவர்களுக்குப் பின்னால், வழியனுப்ப வந்த மற்றக் கிழவர்கள் வெற்றிலைச் சாற்றைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, வாயைத் திறந்தபடி வரிசையில் நின்றார்கள்.