மாமா வீடு போய்ச் சேர்வதற்குள்

செயற்கைப் பல் செய்யும் பட்டறை அது. நடத்துகிறவளைத் தெருவே பல்லக்கா என்றுதான் கூப்பிடும். அவளுடைய சொந்தப் பற்கள் சுமார் ரகம் என்பது வேறு விஷயம். கம்ப்யூட்டர் வேலை முழுக்கத் தம்பியுடையது. பட்டறை ஃபோல்டரில் இருப்பதெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அப்படியே இருக்கும்படி ஒரு மென்பொருளைப் போட்டுவிட்டு, இனி இடியே விழுந்தாலும் கவலையில்லை என்று மார்தட்டிக்கொண்டிருந்தான்.

அன்று மதியம் அவள் டீச்சருடைய ஸ்கேனைக் கேட்டாள். நோயில் ஆடிப்போன பற்களை மூன்று நாள் முன்புதான் டீச்சருக்கு மொத்தமாகப் பிடுங்கியிருந்தார்கள். நல்லவேளையாக, ஜூன் மாதமே வாயை ஸ்கேன் எடுத்தாயிற்று. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய முன்பற்கள் உட்பட எல்லாம் பழைய மாதிரியே வேண்டும் என்பது டீச்சரின் கட்டளை. பொக்கை வாயைப் பார்த்ததிலிருந்து மூன்று வயது மகள் கிட்டவே வருவதில்லை என்று முந்தின நாள் போனில் அழுதிருந்தாள்.

டிஸ்க் நிரம்பிவிட்டது, ஜூன் வரை எல்லாவற்றையும் காலையில்தான் அழித்தேன், குப்பைத்தொட்டியும் காலி என்றான் தம்பி, ஏதோ வீடு பெருக்கியவன் மாதிரி. அதனாலென்ன, வீட்டில்தான் இன்னொன்று இருக்கிறதே என்றான். சொல்லி வாய் மூடவில்லை, முகம் வெளுத்துப்போயிற்று.

"அக்கா, இங்க அழிச்சா அங்கயும் அழிஞ்சிரும்."

அட மகா புத்திசாலி! அழித்ததைக் கொஞ்சநாள் ஒதுக்கி வைக்கும் வசதியும் அந்த மென்பொருளில் உண்டாம். இடத்தை அடைக்கிறது என்று ஐயாவே அணைத்து வைத்திருந்தார். இங்கே வயரைப் பிடுங்கினால் போதாதா என்று அவள் கேட்டாள். போதாது, அழிக்கச் சொல்லும் உத்தரவு ஏற்கெனவே போய் இணையத்தில் காத்திருக்கிறது, மாமா போய் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டதும் வேலையைக் காட்டிவிடும் என்றான்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த மாமா, அவள் வீட்டுக்காரர், பஸ் டிரைவர். இரண்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரைப் போட்டு செஸ் ஆட உட்காருவார். சாப்பிட்டு முடிக்கிறவரை போன் அணைந்தே கிடக்கும். இப்போது மணி ஒன்று ஐம்பது.

ஏப்ரனோடு ஸ்கூட்டரை எடுத்தாள். தம்பி பின்னால் தொற்றிக்கொண்டான். சிக்னல் சிவப்பாக மாறுமுன் தப்பித்தார்கள். சந்து முனையில் குப்பை லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. வண்டியைத் தம்பி கையில் திணித்துவிட்டு ஓடினாள். லிஃப்ட் நான்காவது மாடியில் நின்றது. படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள். பயமா, குஷியா என்று அவளுக்கே புரியவில்லை. இப்படி ஓடி எத்தனை வருஷம் ஆயிற்று!

கதவு திறந்திருந்தது. வீட்டுக்காரர் திரை முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையின் மூலையில், அந்த மென்பொருள் வேலையில் இறங்கிவிட்டதைக் காட்டும் சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. கேள்வியில்லை, பதிலில்லை, ஒரே பாய்ச்சலில் மோடத்தின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தாள்.

"ஜெயிக்கப் போறேன்மா, இப்பப் போய்..." என்றார் அவர் பரிதாபமாக.

தம்பி இரைக்க இரைக்க வந்து ஃபோல்டரைத் திறந்தான். ஜனவரி காலி. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் காலி. போகட்டும், அவையெல்லாம் ஏற்கெனவே ஊரார் வாயில் மென்றுகொண்டிருப்பவை. மே பாதி காலி. ஜூன் முழுதாக இருந்தது. டீச்சரின் பற்கள் திரையில் வந்ததும் பல்லக்கா தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றே தனி டிஸ்க் ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் அதில் ஏற்றி, வயரைக் கழற்றிப் பீரோவில் பூட்டினாள்.

மறுவாரம் டாக்டர் அறையில் பல்லைப் பொருத்தினார்கள். டீச்சருக்குக் கண்ணாடி பார்க்கத் தைரியம் வரவில்லை. அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மகளைப் பார்த்துப் பயந்து பயந்து சிரித்தாள்.

குழந்தை வெளியே வந்தது. அந்த வாயையே கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தது. பிறகு இரண்டு கைகளையும் நீட்டி, "தூக்கு" என்றது.