தொட்டிக்குள் கிடந்த குழாய்

கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து தலையை வெளியே நீட்டியதும் வெர்னா முதலில் பார்த்தது குழாயைத்தான். தொட்டிக்குள் கிடந்தது. சனிக்கிழமை விடிந்தும் விடியாத அந்தக் குளிரில், வெந்நீர் கொட்டிய இடத்திலிருந்து ஆவி ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றது.

படுக்கப் போகும் முன் மூன்று தடவை போய்ப் பார்த்தவள் அவள். குழாயை ஓடைப் பக்கம் திருப்பி, அசையாமலிருக்கக் கல்லை வைத்து, பாதி வழி வந்து, திரும்பிப் போய்க் கல்லைத் தொட்டுப் பார்த்து, பிறகு இன்னொரு தடவை டார்ச் அடித்தும் பார்த்தாள். "என்ன, உன் ஜெபம் முடிஞ்சுதா?" என்று நோரிஸ் தன் டிரக்கின் பின்பக்கத்தில் மெத்தையில் சாய்ந்தபடி கேலி பண்ணினான். அவன் பெண்டாட்டி ட்ரூடி இந்தக் கேலிக்கு ஒருநாளும் சிரித்ததில்லை.

அந்த வெந்நீர் ஊற்றின் தண்ணீர் பட்டால் தோல் உரிந்துவிடும். முப்பது வருஷத்துக்கு முன்னால் மாடுகள் தண்ணீர் குடிக்கும் வட்டத் தகரத் தொட்டி ஒன்றை இதே மண்சாலையில் ஏற்றிவந்து, ஊற்றிலிருந்து திருப்பக்கூடிய இரும்புக் குழாய் போட்டது அவர்கள் நாலு பேர்தான்: நோரிஸ், ட்ரூடி, வெர்னா, அப்போது அவள் புருஷனாக இருந்த வேட். குளித்துவிட்டுக் கடைசியாக எழுந்திருப்பவர் குழாயை ஓடைக்குத் திருப்பிவிட வேண்டும். விட்டுவைத்தால் காலையில் தொட்டி கொதி உலைதான். நெவாடாவின் இந்தப் பக்கத்தில் எந்த ஊற்றுக்குப் போனாலும் இதுதான் சட்டம், பலகையில் எழுதி மாட்டத் தேவையில்லாத சட்டம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு காலையில்தான் எட்டு வயசுக் கோல்பி எல்லோருக்கும் முன்னால் எழுந்து ஓடிப்போய்த் தொட்டிக்குள் குதித்தான். இரண்டு காலும் முழங்கால் வரைக்கும் வெந்துபோயின. ஆஸ்பத்திரிக்கு இரண்டரை மணி நேரம். வழியெல்லாம் அவள் மகன் போட்ட கூச்சலைப் பற்றி வெர்னா யாரிடமும் பேசியதில்லை. முந்தின ராத்திரி தொட்டியிலிருந்து கடைசியாக எழுந்தவள் அவள். "திருப்புனியா இல்லையா?" என்று வேட் கேட்டான். "திருப்புனேன்" என்றாள். "நிச்சயமா?" என்றான். அந்த இடத்தில் ஒரு நொடி தயங்கிவிட்டாள். பாவி, ஒரே ஒரு நொடி.

வேட் அதைச் சொல்லிக்காட்டியே இரண்டு வருஷத்தில் அவளை விட்டுப்போனான். கோல்பிக்கு இப்போது பத்தொன்பது. ரெனோ நகரத்தில் வேலை. கொளுத்துகிற ஜூலையிலும் முழுக்கால் பேண்ட். அம்மாவிடம் ஃபோனில் வெயிலையும் மழையையும் பற்றி மட்டும் பேசுவான். நீதான் செய்தாய் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லித் தொலைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் பாழாய்ப்போன இடத்துக்கு இன்னும் ஏன் போகிறாய் என்று அவளோடு பள்ளிக்கூடப் பஸ் ஓட்டும் சிநேகிதிகள் கேட்பார்கள். குழாயைத் திருப்பத்தான் போகிறேன் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

செருப்புச் சத்தம் கேட்டது. இடுப்பில் துண்டும் கையில் காப்பியுமாக நோரிஸ் வந்தான்.

"அட, இவ்வளவு சீக்கிரம் எழுந்துட்டியா? நீ ஏழு மணிக்கு முன்னால கண்ணைத் தொறக்க மாட்டியே."

"குழாய் உள்ள கிடக்கு, நோரிஸ். நான் திருப்பிட்டுத்தான் படுத்தேன்."

"பயப்படாத. நான்தான் போட்டேன்." காப்பியை ஊதினான். "ராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்திரிப்பேன்ல, அப்போ உள்ள தள்ளி விட்டுடுவேன். சுரங்கத்துல ஒடிஞ்ச முதுகும்மா இது, காலையில காத்துக்கிட்டு நிக்க முடியாது. நீங்க எழுந்திரிக்கிறதுக்குள்ள திருப்பி, ஓடைத் தண்ணிய ஊத்தி ஆத்தி வெச்சிடுவேன். உங்களுக்குத் தெரியவே தெரியாது."

"எத்தனை வருஷமா?"

"அது கெடக்கு, ஆரம்பத்துலேர்ந்தே..."

அப்போதுதான் தன் வாயிலிருந்து என்ன வந்துவிட்டது என்று அவனுக்கே உறைத்தது. காப்பிக் கோப்பை பாதியில் நின்றது.

அந்தக் காலை முழுசாக அவள் கண் முன்னால் வந்தது. முந்தின ராத்திரி நோரிஸ் ஒரு பாட்டில் விஸ்கி குடித்திருந்தான். பையன் அலறிய பிறகுதான் நோரிஸ் எழுந்தே வந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் தோளைத் தொட்டு, "யாருக்கும் மறக்கிறதுதான் வெர்னா, மனசைப் போட்டு அலட்டிக்காத" என்றானே! அந்த ஒரு வார்த்தைக்காகப் பதினோரு வருஷம் இவனை நல்லவன் என்று கொண்டாடினாளே! கிறிஸ்துமஸ் தவறாமல் கேக் சுட்டுக் கொடுத்தாளே! அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"என்னை மன்னிச்சியேடா! நீ! என்னை!"

"வெர்னா, கொஞ்சம் உட்காரு..."

"நிச்சயமான்னு வேட் கேட்டப்போ நீ பக்கத்துலதானே நின்னே? உன் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

சத்தம் கேட்டு ட்ரூடி போர்வையைச் சுற்றிக்கொண்டு டிரக்கிலிருந்து இறங்கி வந்தாள். என்ன என்று அவள் கேட்கவில்லை. கேட்காததிலேயே வெர்னாவுக்குத் தெரிந்துவிட்டது.

"உனக்கும் தெரியும்."

"அன்னைக்கே சொல்லணும்னுதான் இருந்தாரு" என்றாள் ட்ரூடி, தரையைப் பார்த்துக்கொண்டு. "வேட் ஆடின ஆட்டத்துல இவரைக் கொன்னுருப்பான். அப்புறம் சொல்ற மாதிரி நேரமே வரலை, வெர்னா."

"பதினோரு வருஷத்துல நேரம் வரலை!" வெர்னா கத்தினாள். "சரி, அதுக்கப்புறமாவது நிறுத்துனானா? என் புள்ள கால் வெந்ததுக்கு அப்புறமும் ராத்திரி எழுந்து எழுந்து உள்ள தள்ளியிருக்கானே!"

நோரிஸ் சமாதானம் பண்ணுகிற குரலில் சொன்னான். "அதுக்கப்புறம் சின்னப் பசங்க யாரும் வரலையே, வெர்னா."

அவள் அவனை அடித்திருப்பாள். கை ஓங்கியும் விட்டது. ஆனால் அடிப்பதற்கு அவன் அருகில் போகக்கூட அவளுக்கு அருவருப்பாக இருந்தது. திரும்பி, மூவரும் வந்திருந்த நோரிஸின் டிரக்குக்கு நேராக நடந்தாள். சாவி எப்போதும்போல் வண்டியிலேயே தொங்கியது. ஏறப்போனவள், பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போய், குடிதண்ணீர்க் கேன் இரண்டையும் இழுத்துக் கீழே போட்டாள். இதுகளைத் தாகத்தில் சாகவிட்டு, அந்தப் பழியையும் அவள் சுமக்க வேண்டுமா?

"ஏய், எங்க போற? என் வண்டி அது!" நோரிஸ் துண்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். "வெர்னா! பேசித் தீர்த்துக்கலாம்!"

பின்கதவு திறந்து கிடந்ததை அவள் மூடவில்லை. முதல் பள்ளத்தில் வாணலி விழுந்தது. அடுத்ததில் மடக்கு நாற்காலிகள், நோரிஸின் பேண்ட், காப்பிக் கெட்டில். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினாள். மெத்தையும் சரிந்து மேட்டு வளைவில் சாலை நடுவே போய்ப் படுத்துக்கொண்டது.

மேட்டின் உச்சியில் மாடுகள் தாண்டிப் போகாமல் தடுக்கும் கேட் இருந்தது. அங்கே நின்றால்தான் ஃபோனுக்கு ஒரு கோடாவது சிக்னல் கிடைக்கும். வண்டியை நிறுத்தி இறங்கினாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பு நம்பரைத் தொட்டாள்.

ஐந்தாவது மணியில் எடுத்தான். தூக்கக் கலக்கக் குரல்.

"அம்மா? என்ன ஆச்சு? மழையா அங்க?"

"நான் திருப்புனேன்டா" என்றாள் வெர்னா. "அன்னைக்கு. நான் திருப்பிட்டுத்தான் படுத்தேன்."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது, அவன் எழுந்து உட்காருகிறான். ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் கீழே பார்த்தாள். எட்டாத தூரத்தில் இரண்டு பேர் புள்ளியாக நின்றார்கள். பக்கத்தில் தொட்டியிலிருந்து ஆவி நெட்டுக்குத்தாக எழும்பிக்கொண்டேயிருந்தது. குழாயை இன்னும் யாரும் திருப்பவில்லை.